காது கேட்க வைக்கும் இரு சுருள்கள்: தோலைத் துளைக்காமல் மின்சாரம் செல்வது எப்படி?

குழந்தை பிறந்ததும் அதன் காதில் பாங்கு சொல்கிறோம். இந்த உலகத்தில் அந்தக் குழந்தை முதலில் கேட்க வேண்டியது அல்லாஹ்வின் பெயர் என்பதற்காகவே நாம் அதைச் செய்கிறோம். ஆனால் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று குழந்தைகள் கேட்புக் குறைபாட்டுடன் பிறக்கின்றன என்கிறது உலகளாவிய கணக்கு. அந்தக் குழந்தைகளில் சிலருக்கு அந்தப் பாங்கு கேட்டிருக்காது. கேட்கவில்லை என்பது அன்றைக்கு நமக்குத் தெரிவதும் இல்லை.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில் மானாவாரி விவசாயத்தையும், தறியையும், கரிமூட்டத்தையும், வெளிநாட்டுச் சம்பளத்தையும் நம்பி வாழும் குடும்பங்களில் இது இன்னும் தாமதமாகத்தான் தெரிய வருகிறது. "அவங்க அத்தாவும் லேட்டாத்தான் பேசுனாரு" என்ற ஒரு வார்த்தையில் இரண்டு வருடம் ஓடிவிடும். பிறகு மதுரைக்கு அலைந்து, சோதனைகள் முடிந்து, 'காக்ளியர் இம்ப்ளாண்ட்' வைக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லும்போது பெற்றோர் மனதில் எழும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். தலைக்குள் மின்சாரக் கருவியா? அதற்கு பேட்டரி எங்கே இருக்கிறது? அது தீர்ந்தால் மறுபடியும் தலையைத் திறப்பார்களா? ஒளு செய்யலாமா?

இந்தக் கேள்விகளுக்கான விடை இரண்டு சிறிய கம்பிச் சுருள்களில் இருக்கிறது. அவை எப்படி வேலை செய்கின்றன என்பதைப் புரிந்துகொண்ட குடும்பம் பயமில்லாமல் முடிவெடுக்கும். அறுவை சிகிச்சைக்குப் பிறகும் கருவியை ஒழுங்காகப் பேணும்.

கருவி என்ன செய்கிறது?

சாதாரண காது கேட்கும் கருவி ஒலியைப் பெரிதாக்கித் தருகிறது. உள்காதில் நத்தைக்கூடு வடிவில் இருக்கும் காக்ளியாவின் நுண்மயிர் செல்கள் அறவே வேலை செய்யாத குழந்தைக்கு எவ்வளவு பெரிதாக்கினாலும் பயன் இல்லை. காக்ளியர் கருவி அந்தச் செல்களைத் தாண்டிச் சென்று செவி நரம்பையே மின்துடிப்புகளால் நேரடியாகத் தூண்டுகிறது.

இதற்கு இரண்டு பகுதிகள் உண்டு. காதுக்குப் பின்னால் மாட்டும் வெளிப்பகுதியில் மைக், ஒலியைக் குறியீடாக மாற்றும் சிறிய கணினி, பேட்டரி, வட்டமான ஒரு வெளிச்சுருள் ஆகியவை இருக்கும். அறுவை சிகிச்சையில் பதிக்கப்படும் உள்பகுதியில் தோலுக்கு அடியில் ஓர் உள்சுருளும், டைட்டானியம் கூட்டுக்குள் மின்சுற்றும், காக்ளியாவுக்குள் நுழையும் மெல்லிய மின்முனைத் தொடரும் இருக்கும். நிறுவனத்தைப் பொறுத்து 12, 16, 22 என்று மின்முனைகளின் எண்ணிக்கை மாறும்.

முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, உள்பகுதியில் பேட்டரி கிடையாது என்பது. எனவே பேட்டரி தீர்ந்துவிட்டது என்பதற்காகத் தலையைத் திறக்க வேண்டிய அவசியம் வராது. உள்ளே தேவைப்படும் முழு மின்சாரமும் ஒவ்வொரு நொடியும் வெளியிலிருந்து தோலைக் கடந்து போகிறது. வெளிச்சுருளை எடுத்த மறுகணம் குழந்தைக்கு முழு அமைதி. மாட்டினால் மீண்டும் ஒலி.

போர்வெல் மோட்டாரும் இந்தச் சுருளும்

நம் பகுதியில் காயில் என்றால் என்னவென்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆழ்துளைக் கிணற்று மோட்டார் எரிந்துபோனால் காயில் கட்டும் கடைக்குத்தான் போகிறோம். எனாமல் பூசிய செம்புக் கம்பியைச் சுற்றுச் சுற்றாகக் கட்டி, அதில் மின்சாரம் விட்டால் அதைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகிறது. மாறிக்கொண்டே இருக்கும் அந்தக் காந்தப்புலத்துக்குள் இன்னொரு சுருளை வைத்தால் அதில் மின்சாரம் பிறக்கிறது. இரண்டுக்கும் இடையே கம்பித் தொடர்பு தேவையில்லை. மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்த இந்த மின்காந்தத் தூண்டல்தான் தெருமுனை டிரான்ஸ்பார்மர் வேலை செய்வதற்கும் காரணம்.

டிரான்ஸ்பார்மரில் இரண்டு சுருள்களும் ஓர் இரும்புச் சட்டத்தில் சுற்றப்பட்டிருக்கும். அதனால் ஒன்றின் காந்தப்புலம் ஏறக்குறைய முழுவதும் மற்றதைச் சேர்ந்துவிடும். காக்ளியர் கருவியில் இரும்புச் சட்டம் கிடையாது. நடுவே இருப்பது தோலும் சதையும்தான். தடிமன் சில மில்லிமீட்டர். அதைக் கடந்து செல்ல வேண்டிய மின்சாரமும் சில பத்து மில்லிவாட் அளவுதான். கம்பியில்லாமல் சார்ஜ் ஏற்றும் செல்போன் பலகை 5 வாட் அல்லது அதற்கு மேல் தருகிறது. அதோடு ஒப்பிட்டால் இது நூறில் ஒரு பங்கு. ஆனால் காதுக்குப் பின்னால் இருக்கும் சின்னஞ்சிறு பேட்டரிக்கு இதுவே பெரிய சுமை.

1957: பாரிஸில் கையால் சுற்றிய சுருள்

இந்த வரலாறே உடலுக்குள் பதித்த ஒரு சுருளில்தான் தொடங்குகிறது. 1957 பிப்ரவரி 25 அன்று பாரிஸில், செவித்திறனை முழுவதும் இழந்த ஒருவருக்குச் சார்ல் ஐரியேஸ் என்ற அறுவை மருத்துவர் ஒரு தூண்டல் சுருளைப் பதித்தார். அந்தச் சுருளை உருவாக்கியவர் ஆந்த்ரே ஜூர்னோ என்ற மருத்துவ ஆய்வாளர். வெளியே இன்னொரு சுருளை வைத்து மின்சாரம் செலுத்தியபோது அந்த மனிதர் ஒலியை உணர்ந்தார். பேச்சு புரியவில்லை. ஏதோ பூச்சி ரீங்கரிப்பது போன்ற சத்தம்தான். சில வாரங்களில் உள்ளே இருந்த இணைப்பு அறுந்து கருவி நின்றுபோனது. ஆனாலும் தோலைத் துளைக்காமல் செவி நரம்பைத் தூண்ட முடியும் என்பது அன்று உறுதியானது.

தோலைத் துளைக்காமல் இருப்பதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? தோலைத் துளைத்து வெளியே நீளும் கம்பி, கிருமிகள் உள்ளே போக வழி. காதுக்குப் பின்புறத்திலிருந்து மூளையின் உறை வெகு அருகில் இருக்கிறது. அதனால்தான் 1970-களின் இறுதியில் ஆஸ்திரேலியாவின் கிரேம் கிளார்க்கும், வியன்னாவின் ஹோக்மைர் தம்பதியும் பல மின்முனைகள் கொண்ட கருவிகளை உருவாக்கிய பிறகு, தோல் மூடியபடியே சுருள் வழியாக மின்சாரமும் செய்தியும் அனுப்பும் முறையே நிலைபெற்றது.

திறன் எங்கே போகிறது?

வெளிச்சுருள் அனுப்பும் மின்சாரம் முழுவதும் உள்ளே போய்ச் சேராது. எவ்வளவு சேரும் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன.

முதலாவது, பிணைப்பு. ஒரு சுருளின் காந்தப்புலத்தில் எவ்வளவு பங்கு அடுத்த சுருளைச் சென்றடைகிறது என்பது இது. இரண்டும் நேருக்கு நேராக, நெருக்கமாக இருந்தால் பிணைப்பு கூடும். விலகினாலும் சாய்ந்தாலும் குறையும். சுருளின் ஆரத்தைவிட அதிகத் தூரம் போய்விட்டால் காந்தப்புலம் மிக வேகமாக மெலிந்துவிடும். அதனால்தான் சுருளைச் சட்டைப் பொத்தானை விடப் பெரிதாக, ஏறக்குறைய ஒரு பெரிய நாணயத்தின் அகலத்தில் செய்கிறார்கள்.

இரண்டாவது, சுருளின் தரக் காரணி. கம்பியின் மின்தடை எவ்வளவு குறைவோ அவ்வளவுக்குத் தரம் கூடும். மின்தடையில் வீணாகும் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். வெளிச்சுருளின் தரக் காரணி 100, உள்சுருளுக்கு 20, பிணைப்பு 0.1 என்று வைத்துக்கொண்டால், கணக்குப்படி அதிகபட்சம் 64 சதவீத ஆற்றல் கடந்து செல்ல முடியும். சுருள் சற்று விலகிப் பிணைப்பு பாதியாகி 0.05 ஆனால் அது 42 சதவீதமாகச் சரிந்துவிடும். குழந்தைக்குக் கேட்பதில் உடனே வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம். உள்சுருளில் போய்ச் சேரும் மின்சாரத்தின் அளவு வெளிப்பகுதிக்குத் திரும்பத் தெரிவிக்கப்படுகிறது. குறைந்தால் வெளிப்பகுதி கூடுதலாகச் செலுத்துகிறது. அந்தக் கூடுதல் செலவு பேட்டரியில் தெரியும்.

குறைந்த பிணைப்பிலும் வேலை நடக்க ஒத்ததிர்வு உதவுகிறது. தூளியில் குழந்தையை ஆட்டும்போது, தூளி போகும் நேரம் பார்த்துத் தட்டினால் சிறு விசையே போதும். நேரம் தவறினால் எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் ஆட்டம் ஒழுங்காக வராது. அதுபோல ஒவ்வொரு சுருளோடும் ஒரு கெப்பாசிட்டரைச் சேர்த்து, இரண்டையும் ஒரே அதிர்வெண்ணுக்குப் பொருத்துகிறார்கள். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை மாறுகிறது. காக்ளியர் சுருள்களில் அது நொடிக்குப் பல மில்லியன் முறை. ஒரு நிறுவனம் 5 மெகாஹெர்ட்ஸ், இன்னொன்று 12, வேறொன்று 49 என்று ஆளுக்கொரு அதிர்வெண்ணைப் பயன்படுத்துகின்றன. ஆகவே ஒரு நிறுவனத்தின் வெளிச்சுருளை இன்னொரு நிறுவனத்தின் உள்கருவிக்கு மாட்ட முடியாது. தெரிந்தவர் வீட்டில் சும்மா கிடக்கிறது என்று வாங்கி மாட்டிப் பார்க்கக் கூடாது.

செம்புக் கம்பி ஏன் கூடாது?

மோட்டாருக்குச் சிறந்தது செம்பு. ஆனால் உடலுக்குள் செம்பு கசிந்தால் திசுவுக்கு நஞ்சு. எனவே உள்சுருளுக்குப் பிளாட்டினம் அல்லது தங்கம் போன்ற, உடல் ஏற்றுக்கொள்ளும் உலோகத்தைப் பயன்படுத்துகிறார்கள். பிளாட்டினத்தின் மின்தடை செம்பைப் போல ஆறு மடங்கு. அதாவது, பாதுகாப்புக்காகத் திறனில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கிறார்கள்.

இன்னொரு சிக்கல், உள்ளே இருக்கும் மின்சுற்றை ஈரம் தாக்காமல் காக்கும் டைட்டானியம் கூடு. சுருளையும் அதற்குள் வைத்தால் கூட்டின் உலோகச் சுவரே காந்தப்புலத்தை விழுங்கிச் சூடாகிவிடும். ஆகவே சுருளைக் கூட்டுக்கு வெளியே, வளைந்து கொடுக்கும் சிலிக்கோன் உறைக்குள் வைக்கிறார்கள். உடலுக்குள் பதிக்கும் கருவியின் மேற்பரப்பு உடல் வெப்பத்தைவிட 2 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகக் கூடாது என்பது பொறியாளர்கள் பின்பற்றும் வரம்பு. சுருள் சிறிதாக வேண்டும், சூடாகக் கூடாது, குழந்தை விழுந்தாலும் உடையக் கூடாது, பல பத்தாண்டுகள் உழைக்க வேண்டும். இத்தனை நிபந்தனைகளுக்கு நடுவில்தான் ஒவ்வொரு சதவீதத் திறனையும் மீட்டெடுக்கிறார்கள்.

இது நம் வீட்டில் எப்படித் தெரியும்?

இரு சுருள்களையும் நேருக்கு நேர் நிறுத்துவது இரண்டு சிறிய காந்தங்கள். ஒன்று தோலுக்கு உள்ளே, ஒன்று வெளியே. வெளிக்காந்தம் பலம் குறைந்ததாக இருந்தால் சுருள் அடிக்கடி கழன்று விழும். பலம் அதிகமானால் தோல் சிவந்து புண்ணாகும். தோல் சிவந்தால் காத்திருக்காமல் மருத்துவமனையில் காட்ட வேண்டும். வேறு பலமுள்ள காந்தம் மாற்றித் தருவார்கள். குழந்தை வளரும்போது தோலின் தடிமன் கூடும். அப்போதும் காந்தத்தைச் சரிபார்க்க வேண்டும்.

அந்த இடத்தில் முடி அடர்ந்து வளர்ந்தால் இரு சுருள்களுக்கும் இடையே தூரம் கூடும். பையனாக இருந்தால் அங்கே முடியைக் குறைத்து வெட்டுவது நல்லது. தொப்பியோ முந்தானையோ பர்தாத் துணியோ காந்தப்புலத்தைத் தடுக்காது. ஆனால் இறுக்கமாகக் கட்டிச் சுருளை நகர்த்திவிடக் கூடாது. காந்தம் வைத்த பர்தாப் பின்களை அந்தப் பக்கம் குத்தாமல் இருப்பது பாதுகாப்பு.

பேட்டரியிலும் நம் ஊர் வெயிலுக்கு ஒரு கவனம் வேண்டும். பல கருவிகளில் துத்தநாகக் காற்றுப் பேட்டரி போடுவார்கள். அதன் மேல் உள்ள ஸ்டிக்கரை உரித்ததும் காற்றுப் பட்டு வேலை செய்யத் தொடங்கும். பிறகு அதை நிறுத்த முடியாது. மிகவும் வறண்ட சூடான காற்றில் அது சீக்கிரம் காய்ந்துபோகும். மாட்டும் நேரத்தில் மட்டும் உரியுங்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைக்காதீர்கள். வியர்வையும் புழுதியும் கருவிக்கு எதிரி. இரவில் கழற்றி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் உள்ள டப்பாவில் வையுங்கள். சார்ஜ் ஏற்றும் பேட்டரி என்றால், கரண்ட் போகும் நாட்களுக்காக ஒரு மாற்று பேட்டரி கையில் இருக்கட்டும்.

அடிக்கடி பழுதாவது வெளிச்சுருளுக்குப் போகும் மெல்லிய கம்பி. குழந்தை திடீரென்று கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் முதலில் பேட்டரி, அடுத்து கம்பி, பிறகு சுருள் என்ற வரிசையில் பாருங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னால் உள்ளே காந்தம் இருப்பதை முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்.

தொழுகையைப் பொறுத்தவரை, ஒளுவுக்கும் குளிப்புக்கும் வெளிப்பகுதியைக் கழற்றிவிடலாம். உள்பகுதி தோலுக்குள் இருப்பதால் தோலின் மீது தண்ணீர் படுவதை அது தடுப்பதில்லை. சஜ்தாவில் தரையில் படுவது நெற்றியும் மூக்கும்தான். சுருள் இருப்பது காதுக்குப் பின்மேல் பக்கம். குறிப்பான ஐயம் இருந்தால் உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

காலம்தான் பெரிய செலவு

சுருள் எவ்வளவு திறமையாக இருந்தாலும் தாமதத்தை அதனால் ஈடுகட்ட முடியாது. முதல் சில ஆண்டுகளில்தான் மூளை ஒலியை மொழியாக மாற்றக் கற்கிறது. ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் உதவி தொடங்குதல் என்பது மருத்துவர்கள் வகுத்த இலக்கு. ஓ.ஏ.இ., பெரா ஆகிய சோதனைகள் வலியில்லாதவை. குழந்தை தூங்கும்போதே செய்துவிடலாம். கதவைப் பலமாக அடித்தும் குழந்தை திடுக்கிடவில்லை என்றால் கிராமச் செவிலியரிடம் சொல்லுங்கள். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், பிறவிக் காது கேளாமையைக் கண்டறிந்து மேல் சிகிச்சைக்கு அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது.

இலட்சக்கணக்கில் ஆகும் இந்தச் சிகிச்சை, 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்கும். 2022-இல் திட்டம் புதுப்பிக்கப்பட்டபோது குடும்ப ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நம் பகுதிக்குப் பக்கத்தில், சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் இந்த அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. அறுவை சிகிச்சைக்கு முன் நிமோனியாக் கிருமிக்கு எதிரான தடுப்பூசி போடச் சொல்வார்கள். மூளைக்காய்ச்சலைத் தவிர்ப்பதற்கான அந்த ஊசியைத் தவறவிடக் கூடாது.

அறுவை சிகிச்சை முடிந்ததும் குழந்தை பேசிவிடாது. சில வாரங்கள் கழித்துத்தான் கருவியை இயக்குவார்கள். அதன் பிறகு மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சி. வாரந்தோறும் பஸ் ஏறிப் போய்வர வேண்டும். வீட்டில் தாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பாதியில் பயிற்சியை நிறுத்தினால் தலைக்குள் விலையுயர்ந்த சுருள் இருந்தும் மொழி வராது.

காக்ளியர் கருவி எல்லோருக்கும் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். செவி நரம்பே இல்லாதவர்களுக்கும், மொழி கற்கும் வயதைத் தாண்டியவர்களுக்கும் சைகை மொழி முழுமையான ஒரு மொழி. அதைக் கற்பது தோல்வி அல்ல.

குடும்பமும் ஜமாஅத்தும்

பிறவிக் காது கேளாமையில் கணிசமான பங்கு மரபணு வழியாக வருவது. தாய், தகப்பன் இருவரிடமும் அதே குறையுள்ள மரபணு மறைந்திருந்தால், கேட்கும் திறனுள்ள அவர்களுக்கே கேளாத குழந்தை பிறக்கலாம். நெருங்கிய சொந்தத்தில் மணம் முடிக்கும்போது இந்த வாய்ப்பு கூடுகிறது. மாமன் மகளையும் அத்தை மகனையும் மணப்பதை மார்க்கம் அனுமதிக்கிறது. ஆனால் கட்டாயமாக்கவில்லை. குடும்பத்தில் ஏற்கெனவே காது கேளாதவர் இருந்தால், மீண்டும் அதே சொந்தத்தில் நிச்சயம் செய்வதற்கு முன் மருத்துவ ஆலோசனை கேட்பது அறிவுடைமை. பிறந்துவிட்ட குழந்தைக்காக மருமகளைக் குற்றம் சொல்வது அநியாயம். இதில் இருவரின் பங்கும் சமம்.

சந்தையில் உள்ள கருவிகளில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் நிறுவனங்களுடையவை. உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு ஒரு வெளிச்சுருளும் கம்பியும் வாங்குவது கூலி வேலை செய்யும் குடும்பத்துக்குப் பெரும் சுமை. அரசு அறுவை சிகிச்சை செய்து தந்தும், கம்பி அறுந்ததால் கருவி பெட்டிக்குள் கிடந்தால், அந்தக் குழந்தை மீண்டும் அமைதிக்குள் போய்விடுகிறது. பைத்துல்மால் நடத்தும் ஜமாஅத்துகள் இந்தச் செலவைத் தங்கள் பட்டியலில் சேர்க்கலாம். பேட்டரி, கம்பி, பயிற்சிக்குப் போய்வரும் பஸ் கட்டணம் ஆகிய மூன்றும் கிடைத்தாலே பல குழந்தைகள் தொடர்ந்து கேட்கும்.

பக்கத்து மாவட்டமான இராமநாதபுரத்தில் பிறந்த டாக்டர் அப்துல் கலாம், ஏவுகணைக்காக உருவான எடை குறைந்த பொருளைக் கொண்டு மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் கால்களுக்கான தாங்கிகளை இலேசாக்க உதவினார். இந்தச் சுருள்களையும் பேட்டரிகளையும் நம் நாட்டிலேயே மலிவாகச் செய்யும் பொறியாளர் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இன்று இயற்பியல் படித்துக்கொண்டிருக்கலாம்.

ஒவ்வொரு நோய்க்கும் நிவாரணத்தை அல்லாஹ் இறக்கியிருக்கிறான் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள். அதைத் தேடுவது நம் கடமை. உங்கள் வீட்டில், உங்கள் தெருவில் கூப்பிட்டால் திரும்பாத குழந்தை இருந்தால் இந்த வாரமே பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நம் குழந்தைகள் அனைவரும் பாங்கொலி கேட்டு வளர அல்லாஹ் அருள் புரிவானாக.